கழிவுத் துணியும் என் தப்புக் கணக்கும்

(முன்னாள் மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளி இல்லை. சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "நீ வந்து பத்து நிமிஷம் பேசணும், தொழில்ல ஜெயிச்ச கதையச் சொல்லு" என்றார். ஜெயித்த கதை என்றால் வேறு யாரையாவது கூப்பிடுங்க, தப்புப் பண்ணின கதை என்றால் எங்கிட்ட நிறைய இருக்கு என்று சொன்னேன். அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் 1994-ல் இங்கே பி.எஸ்.சி. வேதியியல் முடித்தவள். இப்போது தட்டாஞ்சாவடியில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில், வீட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் ஒன்பது பெண்களோடு ஒரு தையல் கூடம் நடத்துகிறேன். தைப்பது புதுத்துணி இல்லை. கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகள், வீடுகளில் பெட்டியடியில் கிடக்கும் பழைய புடவைகள். அதில் பை, குழந்தைச் சட்டை, பாவாடை, போர்வை.

தட்டாஞ்சாவடி என்றால் உங்களில் பலருக்கு வழுதாவூர் ரோடும் லாரிச் சத்தமும்தான் ஞாபகம் வரும். ஒயிட் டவுன் கடைகளில் இருக்கிற மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் துணி எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்ம பாண்டியில் நீலம் தோய்த்த துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போயிற்று. அங்கே பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே பணம் மாதிரிக் கை மாறியது. அப்புறம் ஆலைகள் வந்தன. சவானா மில், கெப்ளே மில், 1898-ல் ரோடியர் மில். பின்னாளில் இவற்றையே சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று நாம் சொன்னோம். ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மூன்றிலும் இன்று தறி ஓடவில்லை. சங்கு ஊதும் சத்தம் கேட்டு எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைத்த காலம் உண்டு. என் தாத்தா, அப்பா இரண்டு பேரும் மில் தொழிலாளிகள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

நான் தொழில் தொடங்கியது 2003-ல். இரண்டு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் விலை குறைந்த எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் துணி வாங்கி, அதில் நைட்டி, பாவாடை தைத்து அக்கம்பக்கம் விற்பேன். அதில் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒட்டுப்போட்டுப் பை தைத்தேன். பை நன்றாகப் போயிற்று, நைட்டி போகவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. இப்போது சஸ்டெயினபிள், சர்க்குலர் என்று பெரிய பெரிய வார்த்தை சொல்கிறார்கள். எங்கள் அம்மா காலத்தில் அதற்குப் பெயர் சிக்கனம்.

அடுத்த வருஷமே சுனாமி. 2004 டிசம்பர் 26. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ஊரெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, பட்டன் இல்லாதது, நம்ம ஊரில் யாருமே போடாத கம்பளிச் சட்டை. மீனவ ஜனங்கள் அதைத் தொடவில்லை. ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணிடம் யாரோ உடுத்திப் போட்ட ரவிக்கையை நீட்டினால் அவள் எப்படி வாங்குவாள்? டெல்லியில் அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தத் துணிக் குவியல்களை எடுத்துப் பிரித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. அதையெல்லாம் நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு மனதில் தைத்தது ஒன்றுதான். பழைய துணி என்பது வெறும் துணி இல்லை. யாருடையது, யார் கொடுத்தது என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

அதே சமயம் ஆரோவில்லில் உபாசனா என்ற தையல், வடிவமைப்புக் கூடத்தில் வேறொன்று நடந்தது. உமா பிரஜாபதி என்பவர் 1997-ல் தொடங்கியது அது. சுனாமியால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த கரையோரக் கிராமத்துப் பெண்களைக் கூட்டி, கூடத்தில் மிஞ்சிய துண்டுத் துணியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். 'சுனாமிகா' என்று பெயர். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. இனாம்தான். வாங்கியவர்கள் மனமுவந்து கொடுத்த நன்கொடையில் செய்த பெண்களுக்குக் கூலி. லட்சக்கணக்கில் செய்து பல நாடுகளுக்குப் போய்விட்டது. எனக்கு அப்போது இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. விலை போடாமல் எப்படிக் கூலி கொடுப்பது? விலை போட்டு விற்றுக்கொண்டிருந்த நான் ஒழுங்காகக் கூலி கொடுக்கவில்லை என்பது எனக்கே தெரியாமல் இருந்தபோது நினைத்தது இது.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2012. ஏழு பெண்கள் வேலை செய்தார்கள். ஒட்டுப்பை ஒன்று கடையில் 180 ரூபாய். கடைக்காரர் கமிஷன் நாற்பது சதவீதம், 72 ரூபாய். எனக்கு வருவது 108. ஜிப்பு, லைனிங், நூல் எல்லாம் 38. கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் வாங்குவது, பைக்கு 3 ரூபாய்தான் விழும். தைப்பதற்குப் பீஸ் ரேட் 40. ஆக 81 செலவு, 27 மிச்சம். பேஷ் என்று நினைத்தேன். ஒரு பை தைக்க ஒரு மணி நேரம், எட்டு மணி நேரத்தில் எட்டுப் பை, 320 ரூபாய் கூலி, அந்த நாளில் அது மோசமில்லை என்றும் நினைத்தேன்.

அப்பா அப்போது ரிட்டையர் ஆகி எங்களோடு இருந்தார். ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், "ஏம்மா, அந்தக் கட்டிங் அக்கா காலைல எட்டரைக்கு வருது, ஏழு மணிக்குப் போகுது. நாலு பைக்கு மேல அது தெச்சு நான் பாக்கலியே. நீ எட்டுப் பைன்னு சொல்ற?"

மறுநாள் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். தைக்க ஒரு மணி நேரம் என்பது சரிதான். ஆனால் தைப்பதற்கு முன்னால்? மூட்டையை அவிழ்த்து பனியன் துணி தனி, நெசவுத் துணி தனி என்று பிரிக்கணும். எண்ணெய்க் கறை, ஓட்டை, மார்க்கர் கோடு உள்ளதை ஒதுக்கணும். அலசணும், காயப்போடணும், இஸ்திரி போடணும். பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்டணும். கிராஸில் வெட்டினால் பை இழுத்துக்கொண்டு கோணிப்போகும். கனத் துணியும் மெல்லிய துணியும் பக்கத்துப் பக்கம் வந்தால் இணைப்பில் கிழியும், அதனால் ஜோடி சேர்க்கணும். இது எல்லாம் சேர்த்தால் ஒரு பைக்கு இரண்டே கால் மணி நேரம். எட்டு மணி நேரத்தில் எட்டுப் பை இல்லை, மூன்றரைப் பை. 320 இல்லை, 142 ரூபாய். அதனால்தான் அந்த அக்கா ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

நான் நினைத்த 320 ரூபாய்க் கூலியை நிஜமாகவே கொடுத்தால் ஒரு பைக்குக் கூலி மட்டும் 90. அப்போது செலவு 131. எனக்கு வருவதோ 108. 27 ரூபாய் லாபம் இல்லை, 23 ரூபாய் நஷ்டம். நடுவில் இருந்த ஐம்பது ரூபாயை யார் போட்டுக்கொண்டிருந்தது? அந்த ஏழு பெண்கள். என் பையில் துணிதான் மலிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். துணியால் மிச்சமானது ஒன்றுமில்லை. புதுத்துணியில் தைத்தால் பிரிக்க, அலச, ஜோடி சேர்க்க ஆகும் நேரமே கிடையாது.

அப்பா திட்டவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "எட்டு மணி நேரம்னு சும்மா வரல. எங்கப்பா இருந்தாரு அன்னைக்கு மில் வாசல்ல." 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்றும் அந்த நாளில் நம்ம ஊரில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த வீட்டுப் பேத்தி நான், என் ஷெட்டில் பத்தரை மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு இருந்தேன். அதுவும் எல்லோரும் 'அக்கா, அக்கா' என்று பாசமாகக் கூப்பிட்டுக்கொண்டு.

அந்த மாதமே பீஸ் ரேட்டை நிறுத்தினேன். மணிக் கூலி, எட்டு மணி நேரம், மேலே போனால் கூடுதல். சொல்வது சுலபம். கடைக்காரரிடம் போய் 180-ஐ 320 ஆக்கணும் என்றேன். சிரித்தார். "பழைய துணிக்கு யாரும்மா இவ்ளோ குடுப்பா?" அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கேட்டதுதான் ஜனங்கள் எல்லோரும் கேட்பது. மூன்று மாதம் என் நகையில் கூலி கொடுத்தேன். இரண்டு வளையல் போயிற்று. தொழிலை மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு வீட்டில் ஓடியது. மூடினால் அந்த ஏழு பேரும் எங்கே போவார்கள் என்று நான் பெருமையாகக் கேட்டபோது கட்டிங் அக்கா, "எங்களப் பத்தி யோசிக்காதீங்க, உங்க கணக்க மொதல்ல பாருங்க" என்றார். சரியான அடி.

கணக்கைப் பார்த்தோம். முதலில் நேரத்தைக் குறைத்தோம். துணி தரும் யூனிட்டில் வெட்டுகிற மாஸ்டரிடம் பேசி, மேஜையிலேயே கலர் வாரியாக, கனம் வாரியாகக் கட்டிப் போடச் சொன்னோம். அதற்கு அவருக்குத் தனியாகக் காசு. சின்னத் துண்டாக ஒட்டுவதை விட்டு, நீளவாட்டில் பட்டையாக வெட்டி, மிஷினை நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டித் தைத்தோம். இரண்டே கால் மணி நேரம் ஒரு மணி இருபது நிமிஷமாயிற்று. இது நான் கண்டுபிடித்தது இல்லை. துண்டைத் தரம் பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று திருப்பூருக்கும் தெரியும், ஹரியானாவில் பானிப்பட்டுக்கும் தெரியும். பானிப்பட்டில் உலகம் முழுவதிலிருந்தும் வரும் பழைய கம்பளியைக் கலர் கலராகப் பிரித்துக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்கிறார்கள். நீலத்தோடு நீலம் சேர்ந்தால் மறுபடி சாயம் போட வேண்டாமே. திருப்பூர் பனியன் வேஸ்டும் அப்படியே ஓப்பன் எண்டு மில்களுக்குப் போகிறது. ஒரு தடவை கிழித்த பஞ்சு இழை குட்டையாகிவிடும், அதனால் நைஸ் நூல் வராது, தடி நூல்தான் வரும். துண்டை அப்படியே துணியாக வைத்துத் தைக்கிற எங்கள் வழி மெதுவானது, ஆனால் இழை சாகாது.

இன்னொரு தப்பும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் மேடம் முன் வரிசையில் இருக்கிறார், மன்னிக்கணும். ஒரு விடுதிக்கு அறுபது தலையணை உறை தைத்துக் கொடுத்தேன். வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக, பார்க்க அவ்வளவு அழகு. முதல் சலவையிலேயே அறுபதும் ரோஸ் கலர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வருஷம் லேபில் டெஸ்ட் டியூபும் கையுமாக நின்றவள், ஒரு ஈர வெள்ளைத் துணியால் அந்தச் சிவப்பைத் தேய்த்துப் பார்க்கவில்லை! ரியாக்டிவ் சாயம் என்றால் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். நன்றாக அலசிய துணியென்றால் சாயம் போகாது. டைரக்ட் சாயம் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் பட்டால் இறங்கும். உப்புத் தண்ணியில் ஊறவைத்தால், வினிகர் விட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பி மோசம் போகாதீர்கள். இப்போது எந்த மூட்டை வந்தாலும் முதலில் ஈரத் துணித் தேய்ப்பு, அடுத்து ஒரு நூலை எடுத்து நெருப்பில் காட்டுவது. காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர். முடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. தங்கைகளே, செமஸ்டரில் மார்க் வராவிட்டாலும் இது சோறு போடும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது மூன்று மாதம் முகக்கவசம் தைத்தோம். எல்லோரும் தைத்தார்கள், நாங்களும் தைத்தோம். அதில் கதை ஒன்றுமில்லை. கதை அதற்குப் பிறகு.

ஊரடங்கு முடிகிற நேரத்தில் ஒரு அம்மா, நம் கல்லூரிக்காரர்தான், இங்கேயே உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ, ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அவருடைய தாயார் அந்த வருஷம் தவறிப்போனார். சின்னாளப்பட்டி, சுங்குடி, கோ-ஆப்டெக்ஸ் காட்டன் என்று பதினொரு புடவை. "கட்டவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் முடியல. பாத்திரக்காரிக்குப் போட்டா அம்மாவையே போட்ட மாதிரி இருக்கு. ஏதாவது பண்ணித் தருவீங்களா?"

நம்ம பழக்கத்தைப் பாருங்கள். இறந்தவர் துணி என்றால் ஒதுக்குவோம். அதே நாம் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டோம், பாட்டியின் நைந்த புடவையில்தான் சுற்றுவோம். தூளி கட்டுவதும் பழைய புடவையில்தான். ஆகவே வெறுப்பு பழைய துணி மேல் இல்லை, யாருடையது என்று தெரியாத துணி மேல். சுனாமி சமயத்தில் ரோட்டில் நான் பார்த்ததற்கு விடை பதினாறு வருஷம் கழித்து ஒரு பெட்டியில் வந்தது.

போர்வை தைத்தோம். வங்காளத்தில் காந்தா என்று, வட கர்நாடகத்தில் கௌதி என்று காலங்காலமாகச் செய்வதுதான்: பழைய புடவைகளை அடுக்கி, கையால் ஓட்டுத் தையல். ஒரு புடவையை நடுவில் வெட்டி அகலவாட்டில் இணைத்தால் இரண்டு பேர் படுக்கிற அளவு வந்துவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று, உள்ளே நைந்தது இரண்டு. ஒரு ஆளுக்கு ஐந்து நாள் வேலை. தலைப்பு நடுவில் வருவதா ஓரத்தில் வருவதா என்று அந்த அம்மாவே வந்து நின்று சொன்னார். மஞ்சள் கறை பட்ட ஒரு இடத்தை வெட்டிவிடலாமா என்றேன், வேண்டாம் என்றார். கூலியை மணிக் கணக்கில் எழுதிக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அவர் சொல்லி அடுத்தவர், அவர் சொல்லி அடுத்தவர். இன்று எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தப் போர்வைகள், புடவையில் தைக்கும் பேத்திப் பாவாடைகள். நடுவில் கடை இல்லை, கமிஷன் இல்லை.

இதே கணக்கைக் கேரளத்தில் வேறு மாதிரி போட்டவர்கள் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேந்தமங்கலம் கைத்தறிப் புடவைகள் ஓணத்துக்கு விற்க வைத்திருந்தது அப்படியே சேறாகிவிட்டது. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இரண்டு பேர் அவற்றை அலசி, வெட்டிப் பொம்மை செய்ய வைத்தார்கள். பெயர் 'சேக்குட்டி'. சேற்றைத் தாண்டி வந்த குட்டி என்று அர்த்தம். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்கவேண்டிய ஒரு புடவையில் 360 பொம்மை. பொம்மை 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 9,000. கறை தெரிந்தே வாங்கினார்கள், கறைக்காகவே வாங்கினார்கள். ஆனால் ஒன்று, தொண்டர்கள் சம்பளமில்லாமல் கூடித் தைத்ததால் அந்தக் கணக்கு நின்றது. வருஷம் முழுக்க, ஒன்பது குடும்பம் சாப்பிடுகிற இடத்தில் அப்படி முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வெள்ள நிவாரணம், எங்களுடையது தொழில்.

எல்லாம் நல்லபடியா இருக்கு என்று சொல்ல மாட்டேன். போர்வை ஆர்டர் கல்யாணச் சீசனில் குவியும், ஆடியில் ஈயோட்டுவோம். கைத்தையல் தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் வயதாகிறது. கட்டிங் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. இளம்பெண்கள் வருகிறார்கள், ஆறு மாதத்தில் மால் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஏ.சி. இருக்கிறது, எங்கள் ஷெட்டில் மே மாதத்தில் நிற்க முடியாது. கூரைக்கு ஏதாவது செய்யணும், காசு சேர்க்கிறேன். பொறியியல் பக்கம் வேலை பார்க்கிற தோழிகள் யாராவது யோசனை இருந்தால் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லுங்கள்.

ஒரு போர்வை மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. 2022-ல் ஒரு பெரியவர் மனைவியின் நாலு புடவையைக் கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். தைத்து முடித்துப் போன் செய்தால் எடுக்கவில்லை. கொடுத்த முகவரியில் போய்ப் பார்த்தேன், வீட்டை வேறு யாருக்கோ விட்டிருந்தார்கள். அதை விற்க எனக்கு உரிமை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் காட்டி, வேப்பிலை போட்டு மடித்து வைக்கிறோம்.

வெளியே வராந்தாவில் மேஜை மேல் சில பைகளும் இரண்டு போர்வையும் வைத்திருக்கிறேன். வாங்கணும் என்று இல்லை, தொட்டுப் பாருங்கள். விலைச் சீட்டைத் திருப்பினால் பின்பக்கம் எத்தனை மணி நேரம், யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். கணக்குத் தப்பாக இருந்தால் எங்கிட்ட நேராகவே கேட்கலாம், கட்டிங் அக்காவும் வந்திருக்கிறார்.